பாத மருத்துவம் படிக்க இங்கிலாந்தில் நான்கு வழிகள்: யாருக்கு எது பொருந்தும்?

இங்கிலாந்தில் பாத மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஏ லெவல் முடித்த கையோடு மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டப்படிப்பில் சேரலாம். வேறொரு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவராயின் இரண்டாண்டு எம்.எஸ்சி. படிக்கலாம். என்.எச்.எஸ். எனப்படும் அரசு சுகாதாரச் சேவையின் அமைப்பொன்றில் ஊதியம் பெற்று வேலை செய்துகொண்டே பட்டத்தை அடையும் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் மூன்றாவது வழி. நான்காவது, பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இணையவழியில் படித்து, குறுகிய காலச் செய்முறைப் பயிற்சியுடன் முடித்துவிடக்கூடிய ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர் பட்டயம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பலர் இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, எது சீக்கிரம் முடியும், எதற்குச் செலவு குறைவு என்று இத்துறையில் பணியாற்றும் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் முதல் மூன்று வழிகளும் ஒரே தகுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை என்பதையும், நான்காவது வழி அந்தத் தகுதியைத் தராது என்பதையும் அறிந்துகொண்ட பிறகே அக்கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படை வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. பாத மருத்துவரைக் குறிக்கும் பொடியாட்ரிஸ்ட், கைரோபடிஸ்ட் ஆகிய இரண்டு பதவிப்பெயர்களும் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. இரண்டும் ஒரே தொழிலையே குறிக்கின்றன. எச்.சி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். பதிவு இல்லாதவர் மக்களை நம்பவைக்கும் நோக்கில் பயன்படுத்தினால் அது குற்றம். அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடியும். பிரிட்டனில் படிப்பவர்களில் அம்மன்றம் அங்கீகரித்த பட்டத்தைப் பெற்றவரே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்ரென்டிஸ்ஷிப் ஆகிய மூன்றும் இறுதியில் அதே பதிவேட்டின் அதே பக்கத்தில் நம் பெயரைச் சேர்க்கின்றன. ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர் என்ற பெயருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பும் இல்லை, கட்டாயப் பதிவும் இல்லை.

இதைச் சொல்லும்போது நான்காவது வழியில் சென்றவர்களைத் தாழ்த்துவது என் நோக்கமாகாது. முதியவர்களின் வீடு தேடிச் சென்று, குனிந்து தம் நகத்தைத் தாமே வெட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு நகம் வெட்டி, காய்ப்புகளைச் சீராக்கி, பித்தவெடிப்புக்குக் களிம்பு தடவி, காலணி பற்றி நல்ல ஆலோசனை சொல்லும் ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்கள் மிகத் தேவையான பணியைச் செய்கிறார்கள். என்.எச்.எஸ். பாத மருத்துவ நிலையங்கள் தம் நேரத்தைப் பெரும்பாலும் ஆபத்து மிகுந்த பாதங்களுக்கே ஒதுக்க வேண்டியிருப்பதால், உடல்நலம் உள்ள முதியவருக்கு வெறும் நகம் வெட்டும் சேவை அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவோர் இவர்கள். குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்ய விரும்புகிற, சொந்தமாகத் தொழில் நடத்தும் துணிவுள்ள, சில ஆயிரம் பவுண்டுக்கு மேல் முதலீடு செய்ய இயலாத ஒருவருக்கு இது நேர்மையான பிழைப்பு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மரத்துப்போன பாதத்தில் வருகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளி ஒருவரின் முன்பாதத்தின் அடியில், பெருவிரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பின் தலைப்பகுதிக்கு நேர்கீழே, மஞ்சள் நிறத்தில் தடித்த காய்ப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வலி கிடையாது. காய்ப்பின் நடுவில் பழுப்பும் கருஞ்சிவப்பும் கலந்த சிறு புள்ளி தெரிகிறது. பயிற்சி பெற்ற கண்ணுக்கு அந்தப் புள்ளி, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, அழுத்தத்தால் திசு நசுங்கிக்கொண்டிருக்கிறது, காய்ப்பைச் சீவினால் அடியில் ஏற்கெனவே ஒரு புண் வாய் திறந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. அறுவைக்கத்தியைப் பேனாபோலப் பிடித்து, மறுகையின் பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, அலகைத் தோலுக்கு ஏறத்தாழ இணையாகச் சாய்த்து, மெல்லிய செதில் செதிலாக நீக்க வேண்டும். நீக்கிய பின் புண் எலும்புவரை போகிறதா என்று நுண்கோலால் ஆராய வேண்டும். டாப்ளர் கருவியைக் கணுக்காலில் வைத்து இரத்தம் போதிய அளவு வந்துசேர்கிறதா என்று கேட்க வேண்டும். அதன்பின் அந்த இடத்தின்மேல் பாரம் விழாதபடி செய்ய வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட சர்க்கரை நோய்ப் பாத வழிகாட்டுதலின்படி, இத்தகைய பாதம் ஒரு வேலைநாளுக்குள் பாதப் பாதுகாப்புச் சேவைக்கோ பல்துறைப் பாத மருத்துவக் குழுவுக்கோ அனுப்பப்பட்டாக வேண்டும். அடுத்த ஒரு வேலைநாளுக்குள் அவசரத்தின் அளவு கணிக்கப்பட வேண்டும். அந்தக் குழுவில் உட்கார்ந்து முடிவெடுப்பவராக இருக்க விரும்புகிறோமா, அல்லது அங்கே அனுப்பிவைப்பவராக இருந்தால் போதுமா என்பதே முதல் மூன்று வழிகளுக்கும் நான்காவதற்கும் இடையில் தேர்ந்தெடுக்க உதவும் கேள்வி.

மரத்த பாதத்தைப் பற்றிய அறிவில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் காயப்பட்டு அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். வேலூரிலும் அதன் அருகே காரிகிரியில் உள்ள தொழுநோய் மையத்திலும் மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்புகள் அந்நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டது அந்த அறிவின் அடிப்படையில்தான். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் விரிந்தது. இன்று ஒரு பாத மருத்துவ மாணவர் முதலாண்டிலேயே நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும்போது அந்தப் பாடத்தையே படிக்கிறார்.

இனி பட்டப்படிப்புக்கு வருவோம். இங்கிலாந்தில் பி.எஸ்சி. மூன்றாண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலிடோனியன், எடின்பரோவின் குயின் மார்கரெட் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு. சால்ஃபோர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட், நார்தாம்ப்டன், பிளிமத் முதலிய இடங்களில் இப்படிப்பு உண்டு. லண்டனிலேயே தங்கிப் படிக்க விரும்பும் தமிழ் மாணவருக்கு ஸ்டிராட்ஃபோர்டிலுள்ள கிழக்கு லண்டன் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து சென்றுவர முடிவது செலவில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஏ லெவலில் உயிரியலோ அதற்கு ஒத்த அறிவியல் பாடமோ படித்திருப்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. ஏ லெவலுக்கு மாற்றான பிடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பின் தேர்ச்சியையும், பள்ளியை விட்டு நீண்ட நாள் ஆனவர்களுக்கான ஆக்சஸ் பட்டயத்தையும் ஏற்றுக்கொள்பவை பல உண்டு. குற்றப் பின்னணிச் சோதனையும் தடுப்பூசிகளும் எல்லா வழிகளுக்கும் பொது.

இப்படிப்பின் சிறப்பு, அது ஆரம்பத்திலிருந்தே நோயாளியிடம் கொண்டுபோய் நிறுத்துவது. பல பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கான பாத மருத்துவ நிலையத்தைத் தாமே நடத்துகின்றன. ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே சிகிச்சை அளிக்கிறார்கள். மூன்றாண்டில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் இவ்வாறு செய்முறையில் கழிகிறது. உடற்கூறு, நடையின் இயக்கவியல், இரத்த நாளங்கள், நரம்புகள், தோல், மருந்தியல் ஆகியவற்றோடு, உணர்விழக்கச் செய்யும் ஊசி போடவும் நக அறுவை செய்யவும் கற்றுத் தருகிறார்கள். சதைக்குள் வளர்ந்து சீழ்பிடிக்கும் பெருவிரல் நகத்துக்கு, விரலின் அடிப்பகுதியில் இருபுறமும் ஊசி போட்டு மரக்கச் செய்து, இரத்தம் வராமல் இறுக்குப்பட்டை கட்டி, நகத்தின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி உருவி, அது மீண்டும் முளைக்காதபடி வேர்ப்பகுதியில் ஃபீனால் தடவும் சிகிச்சையைப் படிப்பு முடியும் முன்பே மாணவர் தம் கையால் செய்திருப்பார். பல மாதமாக ஷூ போட முடியாமல் தவித்த இளைஞர் சில வாரத்தில் கால்பந்து ஆடப் போவதைப் பார்ப்பது இத்தொழிலில் கிடைக்கும் மிகத் தூய மகிழ்ச்சிகளில் ஒன்று.

பணக் கணக்கு பலரும் அஞ்சுவதைப் போலக் கடுமையானதல்ல, ஆயினும் அதை விவரமாகப் பார்த்துவிடுவது நல்லது. 2025–26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. மூன்றாண்டுக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால் 28,605 பவுண்டு. முன்பு இத்தகைய படிப்புகளுக்குக் கட்டணத்தை அரசே செலுத்தி உதவித்தொகையும் கொடுத்துவந்த ஏற்பாடு, 2017 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு நிறுத்தப்பட்டு, எல்லாரும் மாணவர் கடனுக்கு மாற்றப்பட்டார்கள். இதனால் ஏற்பட்ட சுமையைக் குறைக்க 2020 செப்டம்பர் முதல் என்.எச்.எஸ். கற்றல் ஆதரவு நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாகக் கொடுக்கப்படுகிறது. ஆள் பற்றாக்குறை உள்ள சிறப்புப் பாடங்களில் பாத மருத்துவமும் ஒன்று என்பதால் மேலும் 1,000 பவுண்டு கிடைக்கும். பொறுப்பில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் 2,000 பவுண்டு. 2023 ஆகஸ்டுக்குப் பின் முதன்முறையாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டும் பகுதியில் 9 விழுக்காட்டைக் கடனுக்காகச் செலுத்துவார். 40 ஆண்டுகளுக்குப் பின் மீதம் இருந்தால் தள்ளுபடியாகும்.

வேல்ஸின் ஏற்பாட்டை இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களில் அறிந்தவர்கள் குறைவு. அங்கே என்.எச்.எஸ். வேல்ஸ் உதவித்திட்டத்தின்கீழ், படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு வேல்ஸில் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் செலுத்தப்படுகிறது. கார்டிஃப் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தில் பாத மருத்துவப் படிப்பு இருப்பதால், லண்டனை விட்டுச் சிறிது காலம் விலகியிருக்க முடிந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது மிக நல்ல வாய்ப்பு. புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு எப்படியும் வேலை தேவை என்பதால், இரண்டாண்டு அங்கேயே பணிபுரியும் கட்டுப்பாட்டை நான் சுமையாகக் கருதவில்லை.

எம்.எஸ்சி. வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. மூன்றாண்டில் படிப்பதை இரண்டு ஆண்டில், விடுமுறைகளைப் பெருமளவு இழந்து படிப்பது அது. உயிரியல், விளையாட்டு அறிவியல், செவிலியம், உயிர்வேதியியல் போன்ற பட்டம் உள்ளவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற பட்டத்துக்கு யூகே எனிக் அமைப்பிடம் நிகர்த்தகுதிச் சான்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் மாணவர் கடன் கிடைக்காது என்ற பொதுவிதியிலிருந்து பாத மருத்துவம் விலக்குப் பெற்றிருக்கிறது என்பதைப் பலர் அறியாமலேயே இந்த வழியைக் கைவிட்டுவிடுகிறார்கள். உள்நாட்டு மாணவராகக் கருதப்படும் தகுதி இருந்தால், இரண்டாவது பட்டமாகப் படிக்கும் பி.எஸ்சி.க்கும், எச்.சி.பி.சி. பதிவுக்குத் தகுதி தரும் இந்த எம்.எஸ்சி.க்கும் கடன் கேட்கலாம். கற்றல் ஆதரவு நிதியும் உண்டு. இந்தியாவில் பிசியோதெரபி முடித்தவர்கள் மட்டும் இதில் அவசரப்பட வேண்டாம். அவர்கள் பிசியோதெரபிஸ்ட் என்ற தகுதியிலேயே எச்.சி.பி.சி. பதிவுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கும்போது, அதை முதலில் முயன்று பார்ப்பதே அறிவுடைமை.

டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் நம்மவர்களுக்கு மிகப் பொருத்தமாக இருந்தும் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவே. இதில் சேர்பவர் முதலில் ஊழியர், பிறகே மாணவர். என்.எச்.எஸ். அமைப்பு ஒன்று அவரை வேலைக்கு எடுத்து, ஊதியம் கொடுத்து, பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்து, வேலை நேரத்தின் ஒரு பகுதியைப் படிப்புக்காக விடுவிக்கிறது. கட்டணம் மாணவரிடம் கேட்கப்படுவதில்லை. அதைப் பெரிய நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் பயிற்சி வரியிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்கள். காலம் மூன்றாண்டுக்கு மேல், பெரும்பாலும் நான்காண்டை நெருங்கும். ஊதியம் வாங்குவதால் கற்றல் ஆதரவு நிதி கிடையாது. முடிவில் கிடைக்கும் பட்டமும் பதிவும் முழுநேர மாணவருடையதைப் போன்றவையே.

கடன் இல்லை என்பது இதன் வெளிப்படையான நன்மை. வட்டிக் கடனை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பட்டம் பெறுவதற்கான தடையற்ற பாதையாகவே அமைகிறது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டு, பராமரிப்பு இல்லத்திலோ மருந்துக் கடையிலோ வேலை செய்யும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு, மூன்றாண்டு வருமானத்தை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது நடக்காத காரியம். அவருக்கு நடைமுறையில் இது ஒன்றே வழி. பாத மருத்துவ உதவியாளர் வேலையில் சேர்ந்து, ஓரிரு ஆண்டில் தம் மேலாளரிடம் அப்ரென்டிஸ்ஷிப் கேட்டுப் பெறுகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே அந்த நிலையத்தில் நோயாளிகளிடம் பழகி, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து, குறிப்புகளை எழுதிப் பழகியவரை மேலாளர் விரும்புவதில் வியப்பில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இடங்கள் மிகச் சில; விளம்பரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது; வந்தாலும் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் வரக்கூடும். பகலில் நோயாளிகள், மாலையில் கட்டுரை, வார இறுதியில் தேர்வுக்கான படிப்பு என்று நான்காண்டு ஓடுவது குடும்பத்தில் எல்லாரையும் பாதிக்கும். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது இன்னொன்று. முழுநேர மாணவர் பல இடங்களுக்குப் பயிற்சிக்காக அனுப்பப்படுவதால், குழந்தைகளின் நடைக்கோளாறு, வாத நோய்ப் பாதம், விளையாட்டுக் காயம், மருத்துவமனைப் பல்துறைக் குழு என்று வெவ்வேறு உலகங்களைப் பார்க்கிறார். அப்ரென்டிஸ் பெரும்பகுதி ஒரே அமைப்பில், ஒரே வகை நோயாளிகளிடம் பழகுகிறார். அந்த அமைப்பு நல்லதாக இருந்தால் இது ஆழமான பயிற்சி. ஆள் பற்றாக்குறையால் திணறும் அமைப்பாக இருந்தால், படிப்புக்கென்று ஒதுக்கிய நாளில்கூட நோயாளி பார்க்க அழைக்கப்படும் நிலை வரும். ஆகவே நேர்காணலில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: படிப்புக்கான நேரம் வாராந்தர அட்டவணையில் எழுதப்பட்டிருக்குமா, என்னை மேற்பார்வையிடப் போகிறவர் யார், வேறு அமைப்புகளுக்குச் சென்று பார்க்க எத்தனை வாரம் கிடைக்கும்? மூன்றுக்கும் தெளிவான விடை சொல்லும் இடத்தில் சேரலாம்.

அப்படியானால் யாருக்கு எது? ஏ லெவல் முடிக்கும் பிள்ளைக்கு நான் பி.எஸ்சி.யையே பரிந்துரைப்பேன், அந்த வயதில் பல துறைகளைப் பார்த்து, தமக்கு எது பிடிக்கிறது என்று அறியும் காலம் அரிய செல்வம், ஆண்டுக்கு 6,000 பவுண்டு மானியமும் துணைக்கு இருக்கிறது. அறிவியல் பட்டத்துடன் திருமணமாகி வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் வேலை தேடும் தாய்மார்கள் நம் சமூகத்தில் ஏராளம். கணவரின் வருமானம் இரண்டு ஆண்டுக்குக் குடும்பத்தைத் தாங்குமானால் அவர்களுக்கு எம்.எஸ்சி. மிகச் சிறந்தது, தாங்காவிட்டால் உதவியாளர் வேலையில் நுழைந்து அப்ரென்டிஸ்ஷிப்புக்குக் காத்திருப்பது நல்லது. குறுகிய பட்டயத்தை முதலில் முடித்துவிட்டு, அதைப் படிக்கல்லாகக் கொண்டு பின்னர் பட்டத்துக்குப் போகலாம் என்ற திட்டத்தை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. பட்டயத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஓராண்டைக் குறைத்துத் தருவதில்லை. ஆகவே இரண்டுக்குமான பணமும் காலமும் தனித்தனியே செலவாகும். பதிவுபெற்ற தொழிலே நோக்கம் என்றால் அதே பணத்தையும் மாலை நேரத்தையும் ஆக்சஸ் பட்டயத்தில் செலவிடுவது பயன் தரும்.

ஊதியத்தில் மூன்று பட்டவழிகளுக்கும் வேறுபாடு இல்லை. புதிதாகப் பதிவுபெற்றவர் என்.எச்.எஸ். ஊதியப் படிநிலைகளில் பேண்ட் 5இல் தொடங்குகிறார்; இங்கிலாந்தில் 2025–26க்கான தொடக்க ஊதியம் 31,049 பவுண்டு. சர்க்கரை நோய்ப் பாதம் போன்ற சிறப்புத் துறையில் அனுபவம் பெற்று பேண்ட் 6க்குச் சென்றால் 38,682 பவுண்டில் தொடங்கும். லண்டனில் இதனுடன் நகரப்படி சேரும். அதற்கு மேலும் படிகள் உண்டு: 2013 முதல் கூடுதல் பயிற்சி முடித்த பொடியாட்ரிஸ்டுகள் சுயமாக மருந்து எழுதித் தர முடிகிறது, பல ஆண்டு மேற்பயிற்சிக்குப் பின் பாத அறுவை வல்லுநராகவும் ஆகலாம். தனியாக நிலையம் வைத்து நடத்துவோரும் மிகப் பலர். ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனருக்கு இந்தப் படிகள் இல்லை. அவருடைய வருமானம் அவர் தேடிக்கொள்ளும் வாடிக்கையாளரைப் பொறுத்தது, உடல்நலக் குறைவால் வேலை செய்யாத வாரத்துக்கு ஊதியமும் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரே மாணவர் விசாவில் வர எண்ணுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்நாட்டவருடையதைவிட மிக அதிகம். மாணவர் கடனும் கற்றல் ஆதரவு நிதியும் கிடையாது. அப்ரென்டிஸ்ஷிப்பும் அவர்களுக்குத் திறந்ததல்ல. விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. சொத்தை அடகு வைத்து வர வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதப் பராமரிப்பில் உண்மையான ஈடுபாடு உள்ள மாணவர், செயற்கை அவயவம், ஆதரவுச் சாதனம் பற்றிய பட்டப்படிப்பையோ பிசியோதெரபியையோ இந்தியாவிலேயே முடித்து, சர்க்கரை நோய்ப் பாதத்துக்குத் தனிப்பிரிவு நடத்தும் மருத்துவமனையில் சில ஆண்டு பணியாற்றினால் அந்த அறிவு எங்கு சென்றாலும் மதிக்கப்படும். சென்னை ராயபுரத்தில் 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை இத்துறையில் நீண்டகாலம் உழைத்துவரும் இடங்களில் ஒன்று.

பெற்றோர் சிலர் இன்னொரு தயக்கத்தையும் வைத்திருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்க வைக்கலாம் என்றிருந்தோம், இப்போது ஊரார் காலைப் பிடிக்கிற வேலைக்கா பிள்ளையை அனுப்புவது என்று அவர்கள் கேட்பது என் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் மனத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த வார்த்தையின் பின்னால் எந்தத் தொழில் யாருக்கு உரியது என்ற பழைய சாதிக் கணக்கு நிற்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஐரோப்பியரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று பிரிட்டனின் சர்க்கரை நோய் அமைப்பு சொல்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு பாட்டி, தம் விரலிடுக்கில் உள்ள புண்ணைப் பேரனிடம் காட்ட வெட்கப்பட்டு மறைத்து வைத்திருப்பதை, தமிழில் இரண்டு வார்த்தை பேசி வெளிக்கொண்டுவரும் பொடியாட்ரிஸ்ட் காப்பாற்றுவது ஒரு காலை.

ஆயினும் இந்த வேலை எல்லாருக்கும் ஏற்றதல்ல. சீழ் நாற்றத்தைச் சகிக்க வேண்டும். நாள் முழுதும் குனிந்த நிலையில் கழுத்தும் இடுப்பும் நோகும். கையில் நடுக்கம் இருக்கக்கூடாது. அதே நோயாளி அதே புண்ணுடன் மாதக்கணக்கில் வாரந்தோறும் வருவதைச் சலிப்பின்றி எதிர்கொள்ள வேண்டும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், விண்ணப்பிக்கும் முன் ஒரு பாத மருத்துவ நிலையத்தில் ஒரு நாளாவது உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளூர் என்.எச்.எஸ். சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். தனியார் நிலையங்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. பல்கலைக்கழகங்கள் திறந்த நாள்களில் தம் நிலையத்தையே சுற்றிக் காட்டுகின்றன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பாகிய யூகாஸ் வழியே அனுப்பும் பட்டப்படிப்பு விண்ணப்பத்தின் முதன்மைக் கெடு ஜனவரியில் வருவதால், அந்த ஒரு நாளை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிட்டால் விண்ணப்பத்தில் தம்மைப் பற்றித் தாமே எழுதும் அறிக்கையில் (பர்சனல் ஸ்டேட்மென்ட்) எழுதவும் ஏதாவது இருக்கும். எம்.எஸ்சி.க்குச் சில பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. அப்ரென்டிஸ்ஷிப்புக்கும் உதவியாளர் பணிக்கும் கெடு என்று ஒன்று இல்லை, என்.எச்.எஸ். வேலைவாய்ப்புத் தளத்தில் முன்னறிவிப்பு வரும்படி பதிந்துகொண்டு, இடம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் விண்ணப்பங்கள் குவிந்ததும் குறித்த தேதிக்கு முன்பே அந்த விளம்பரங்களை மூடிவிடுவதுண்டு.